ஓலாயாவோட இடது கை

ஓலாயாவோட இடது கையைப் பத்தி எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அது அவ பேச்சைக் கேக்குதா, இல்ல அதுக்குன்னு தனியா ஒரு மூளை இருக்கா? அவகிட்டயே கேட்டேன். "போடி வேலையத்தவளே"ன்னுட்டா. அதனால உங்ககிட்ட சொல்றேன், நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

அவளுக்கு இருபது வயசு. விடிகாலைல அப்பா கூட பால் லாரில போய் மலைமேல இருக்க மாட்டுப் பண்ணைகள்ல பால் எடுப்பா. மதியத்துக்கு மேல கோல்ஃப். காசுக்கு ஆடுற ஆளு இல்ல, அமெச்சூர். ஜெயிச்சா கோப்பை, இல்லன்னா உப்புப் போட்டுக் காயவச்ச ஒரு முழுப் பன்னித்தொடை, அதுவும் இல்லன்னா முதுகுல ஒரு தட்டு. ஸ்பெயின்ல கோல்ஃப்னா வெயில், பணக்காரன், வெள்ளை பேண்ட்னு நினைப்பீங்க. அதெல்லாம் தெக்கால. எங்க அஸ்தூரியாஸ் வடக்கு ஓரத்துல, கடலைப் பாத்த சரிவுல இருக்கு. மழை நிக்கறதே இல்ல. எல் ரெபோயால்னு ஒம்போது குழி இருக்க பஞ்சாயத்து மைதானம். அங்க இருக்க ஒரே பார்ல எங்கம்மாவும் நானும் காபி போடறோம், முட்டை ஆம்லெட் வெட்டறோம். என் பேரு மெலா. ஓலாயா ஆடப் போற ஊருக்கெல்லாம் பையைத் தூக்கிட்டுப் போறது நான்தான்.

அவ கோல்ஃபுக்கு வந்த கதையே வேற. மைதானத்து வேலிக்குக் கீழ அவ மாமா செல்மோவோட மேய்ச்சல் புல்வெளி. மேல கோணலா அடிக்கிறவங்க பந்தெல்லாம் அங்கதான் வந்து விழும். ஒருத்தர் கோவத்துல மட்டையையே வேலிக்கு இந்தப் பக்கம் வீசிட்டுப் போயிட்டாரு. ஏழாம் நம்பர் இரும்பு மட்டை. அப்ப ஓலாயாவுக்கு ஒம்போது வயசு. பிந்தான்னு ஒரு பெரிய பசு, அது மழைச் சேத்துல நடந்து நடந்து குளம்பு பதிஞ்ச பள்ளம் பள்ளமா இருக்கும். பந்தெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும். இவ அந்தப் பள்ளத்துல இருந்தே, அந்த மட்டையாலேயே, பந்தை மேல திருப்பி அடிச்சு விடுவா. "அவங்க பந்து, அவங்ககிட்டயே போகட்டும்"னு நினைச்சாளாம்.

ஒரு நாள் மைதானத்தைப் பாத்துக்கற பெனிக்னா அக்கா, நாலாவது குழிக் கொடி பக்கத்துல நின்னு புல்லு வெட்டிட்டு இருந்தாங்க. கீழ இருந்து ஒரு பந்து வந்து கொடிக் கம்புல டங்குனு அடிச்சுது. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. அக்கா மெஷினை அணைச்சுட்டு வேலி ஓரமா வந்து எட்டிப் பாத்தாங்க.

"யாருடி அது கீழ?"

"நான் இல்ல, பிந்தா"ன்னு இவ சொல்லிட்டா.

"மாடு மட்டையப் புடிச்சு அடிக்குதா?"

"பந்தை மிதிக்கிறது அது. நான் எடுத்துக் குடுக்கறேன், அவ்வளவுதான்."

"எடுத்துக் குடுக்கறியா? என் மண்டை உடைஞ்சிருக்கும்டி! நாளைல இருந்து வேலிக்கு மேல பந்து வரக்கூடாது. கேட்னு ஒண்ணு வச்சிருக்கோம், அது வழியா நீ வா."

வந்தா. அன்னைல இருந்து வந்துட்டேதான் இருக்கா.

இப்ப அந்தக் கையோட விஷயம். எங்க மைதானத்துல சேறு. பந்து விழுந்தா பாதி உள்ள போயிடும். அதனால நடுவுல ஒட்ட வெட்டின புல்லுல பந்து விழுந்தா, எடுத்து, துடைச்சு, ஒரு சாண் தூரத்துக்குள்ள நல்ல இடமா பாத்து வச்சுட்டு அடிக்கலாம். மழைக் காலத்துக்கு மட்டும் உள்ள சலுகை இது. மத்த ஊர்ல தேவைப்படற அன்னைக்கு "இன்று பந்தை எடுத்து வைக்கலாம்"னு பலகைல சாக்பீஸ்ல எழுதுவாங்க, காஞ்சதும் அழிச்சுடுவாங்க. எங்க ஊர்ப் பலகைல அது பெயிண்ட்ல எழுதியிருக்கு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி எழுதினது. அழிக்க வேண்டிய நாள் இன்னும் வரல.

யோசிச்சுப் பாருங்க. பதினோரு வருஷமா ஒரு பொண்ணு பந்துகிட்ட நடந்து போறா, இடது கை கீழ போகுது, எடுக்குது, பேண்ட்ல துடைக்குது, வைக்குது. பேசிட்டே செய்வா, ரொட்டி மென்னுட்டே செய்வா. ஒரு தடவை வெள்ளரிக்காயைப் பந்துன்னு நினைச்சு அந்தக் கை பேண்ட்ல துடைச்சதை என் கண்ணால பாத்தேன்.

போன ஏப்ரல்ல தெக்கால காடிஸ் பக்கத்துல தேசிய அமெச்சூர் போட்டி. ஓலாயாவுக்கு இது எவ்வளவு பெருசுன்னு சொல்லிடறேன். ஸ்பெயின் இளையோர் அணில இருபத்தொரு வயசு முடியாதவங்களைத்தான் எடுப்பாங்க. இவளுக்கு நவம்பர்ல இருபத்தொண்ணு முடியுது. பதினாறு வயசுல இருந்து ஒவ்வொரு வருஷமும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவ இவ. ஒரு வருஷம் மணிக்கட்டு, ஒரு வருஷம் ஒரே ஒரு அடி. இந்தப் போட்டில கடைசி நாலு பேருக்குள்ள வந்தா சிவப்புச் சட்டை, கோடை முழுக்க நாட்டுக்காக ஆடலாம். இல்லன்னா அவ்வளவுதான், அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாது.

அந்த வெயில் ஊர்ல அந்த வாரம் பாத்து மழை! நாங்க கூடவே கூட்டிட்டு வந்துட்டோம்னு அங்க எல்லாரும் திட்டினாங்க. முதல் நாலு நாளும் பந்தை எடுத்து வைக்கலாம்னு சலுகை குடுத்தாங்க. ஒரு மட்டை நீளம் வரைக்கும் நகத்தலாம்னு சீட்டுல போட்டிருந்துச்சு. ஓலாயா சீட்டைப் படிச்சிருக்கவே மாட்டா, அவளுக்கு எப்பவும் ஒரு சாண்தான். அப்படியே ஆடி ஆடி கடைசி எட்டுக்குள்ள வந்துட்டா. இன்னும் ஒரே ஒரு ஆட்டம். ஜெயிச்சா நாலுல ஒருத்தி.

அஞ்சாவது நாள் விடிஞ்சா பளீர்னு வெயில், சூடா காத்து. ஒம்போது மணிக்கெல்லாம் தரை அப்பளம் மாதிரி காஞ்சுடுச்சு. எதிராளி கலீசியாக்காரி, பேரு சபேலா. கலீசியா எங்களுக்கு மேக்கால, எங்களை விட மழை பெய்யற சீமை. பையைத் தூக்க அவ அப்பா அமாரோ வந்திருந்தாரு. கடல்ல சிப்பி வளக்கறவரு, கழுத்து எருமைக் கழுத்து.

ஆரம்பிக்கற இடத்துல ரெஃப்ரி லியாந்த்ரோ சார் நின்னாரு. தெக்கத்திக்காரரு, தொப்பி கூட இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும்.

"பொண்ணுங்களா, கேட்டுக்கோங்க. இன்னைக்கு சலுகை கிடையாது. பந்து எங்க கிடக்கோ அங்கயே, அப்படியே அடிக்கணும். சரியா?"

"சரி சார்."

"சரி சார்."

ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். அமாரோவும் ஆட்டினாரு. நாலு தலை!

குழிக்குக் குழி ஆட்டம் இது. ஒரு குழில யாரு குறைவா அடிக்கிறாங்களோ அந்தக் குழி அவங்களுக்கு, கடைசில யாருகிட்ட குழி அதிகமோ அவங்க ஜெயிப்பு. ஓலாயா அன்னைக்கு அப்படி ஒரு ஆட்டம்! ஆறு குழி முடிஞ்சப்ப ரெண்டு குழி முன்னாடி இருந்தா.  சபேலா எப்பவும் இடது ஓரமா அடிப்பா, இவ வலது ஓரமா. நடுவுல அகலமா புல்லு. அவங்க என்ன பண்றாங்கன்னு நான் பாக்கவே இல்ல.

ஏழாவது குழி. ஓலாயா ரெண்டாவது அடி அடிச்சா, கொடிக்குக் கிட்ட போச்சு. அந்தப் பக்கம் சபேலாவும் அடிச்சா. மரத்தடில இருந்து ஒரு பேட்டரி வண்டி சரசரன்னு வந்துச்சு. லியாந்த்ரோ சார். முகம் சிவந்து கிடக்கு.

"நில்லுங்க ரெண்டு பேரும். இங்க வாங்க."

வந்தோம்.

"என்ன நடக்குது இங்க?"

"ஏழாவது குழி சார்"னு ஓலாயா சொன்னா. உண்மையாத்தான் சொன்னா.

"பந்தை எடுத்தியா?"

ஓலாயா தன் கையைப் பாத்தா. பேண்ட்ல வழக்கமா துடைக்கிற இடத்துல புல்லுக் கறை. அவ முகத்துல இருந்து ரத்தம் இறங்கறது தெரிஞ்சுது. நான் ஒவ்வொரு குழியா யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணாவது குழில? எடுத்தா. மூணாவதுல? எடுத்தா. நான் பக்கத்துல நின்னு துண்டு வேற நீட்டியிருக்கேன்!

"எடுத்தேன் சார்"னா.

"நீ?"

"நானும் எடுத்தேன்"னு சபேலா சொன்னா, கிட்டத்தட்ட அழுதுட்டா.

"காலைல நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னாங்க: "நடுப் புல்லுல கிடந்துச்சே சார்."

அதான் வினையாச்சு. சார் தொப்பியைக் கழட்டினாரு. "இங்க பாருங்க. ஒருத்தர் தப்புப் பண்ணா இன்னொருத்தர் கேக்கலாம், கேக்காம விடலாம், அது உங்க இஷ்டம். நான் தலையிட மாட்டேன். ஆனா ரெண்டு பேரும் தெரிஞ்சே கூடிப் பேசிக்கிட்டு விதியை ஒதுக்கி வச்சா, ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். இப்ப நான் கேக்கறேன், பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல!"

"அறிவிப்பு கேட்ட ரெண்டு பேர், ஏழு குழியா, ரெண்டு பேருமே தொடறீங்க. பேசிக்கலன்னு நான் எப்படி நம்பறது?"

அமாரோ வாயைத் திறந்தாரு. "சார், எங்க ஊர்ல வந்து பாருங்க. அங்க பந்தைத் தொடாதவனைத்தான் சந்தேகப்படுவாங்க."

"நீங்க பேசாதீங்க."

லியாந்த்ரோ சார் மேல எனக்குக் கோவமே வரல. வெயில்லயே வளந்த மனுஷன். காது கேட்டும் கை கேக்காதுன்னு அவருக்கு எப்படிப் புரிய வைக்கறது? அவர் பாக்கெட்ல இருந்து பேசற கருவியை எடுத்தாரு, ஆபீஸுக்குச் சொல்றதுக்கு. ஓலாயா என் பக்கம் திரும்பவே இல்ல. அஞ்சு வருஷமா வாசல்ல நின்னவ, இப்ப அந்த வாசலும் மூடப் போகுது. கருவில கரகரன்னு சத்தம், யாரும் எடுக்கல.

அப்ப சபேலா மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னா, "நான் என்ன ஓடியா போனேன்? ஒரு மட்டை நீளம்தான நகத்தினேன்."

ஓலாயா சடார்னு நிமிந்தா. "எவ்ளோ?"

"ஒரு மட்டை."

"ஒரு மட்டையா? ஒரு முழு மட்டையா?! ஏழு குழியாவா?"

"ஆமா, பின்ன? நீ எவ்ளோ?"

"ஒரு சாண்டி! ஒரு சாண்! மட்டை நீளத்துக்கு நகத்தறதுக்குப் பேரு எடுத்து வைக்கறதா? அது வீடு மாத்தறது!"

"ஒரு சாணா? அவ்ளோ கஞ்சமா உங்க ஊரு? ஒரு சாண்ல சேத்துல இருந்து சேத்துக்குத்தான போவும்?"

"ஆறாவது குழில மரத்துக்கு முன்னாடி நின்னியே, அதுவும் மட்டையால அளந்ததா? எனக்கு இந்தப் பக்கம் கிளை இடிச்சுதுடி!"

"ஏன், நீயும் அளந்துக்க வேண்டியதுதான? நான் உன் கையைப் புடிச்சேனா? பந்து கிடந்த இடத்துல குச்சி குத்தி, அளந்து, ஒழுங்கா வச்சேன். நீ குச்சி கூடக் குத்தலையா? ஐயோ, காட்டுமிராண்டி!"

"யாருடி காட்டுமிராண்டி, சிப்பி திருடி!"

"ஏய், சிப்பிய எதுக்கு இழுக்கற?"ன்னு அமாரோ உறுமினாரு.

ரெண்டும் மூக்கும் மூக்கும் முட்டற தூரத்துல நிக்குதுங்க. தாங்க ரெண்டு பேருமே தப்புப் பண்ணவங்கன்னு சுத்தமா மறந்தாச்சு. யாரு முறையா தப்புப் பண்ணதுன்னு சண்டை! கருவில "சொல்லுங்க, சொல்லுங்க"ன்னு ஒரு குரல் கத்துது. லியாந்த்ரோ சார் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. அவர் மீசை ஆடுச்சு. பட்டனை அமுக்கி, "ஒண்ணுமில்ல, வெயில் அதிகமா இருக்கு"ன்னு சொல்லிட்டு அணைச்சுட்டாரு.

"பேசி வச்சுக்கிட்டவங்க அளவையாவது பேசி வச்சிருப்பாங்க"ன்னாரு. "போங்க. முடிஞ்ச ஆறு குழி முடிஞ்சதுதான், அதைத் தொட முடியாது. இந்தக் குழில யாராவது எங்கிட்ட எதாவது கேக்கறீங்களா? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காம சொல்லுங்க."

இந்தக் குழில முதல்ல எடுத்து வச்சு அடிச்சது ஓலாயா. சபேலா கேட்டா, விதிப்படி இந்தக் குழி அவளுக்கு.

சபேலா கண்ணைத் துடைச்சா. "கேக்கறேன் சார். கேக்காம விடுவேனா? சிப்பி திருடியாம்!"

ஓலாயா சிரிச்சுட்டா. நிஜமா சிரிச்சா! எனக்கு அழுகை வந்துச்சு, அவ சிரிச்சா.

ரெண்டு குழி முன்னாடி இருந்தது ஒண்ணாச்சு. இனி கையைக் காப்பாத்தணும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தோணுச்சு. பையில இருந்த குடையை எடுத்து விரிச்சு அவ இடது கைல குடுத்துட்டேன். அந்தக் கொளுத்தற வெயில்ல, மேகமே இல்லாத வானத்துக்குக் கீழ, குடை புடிச்சுக்கிட்டு பந்துகிட்ட போவா. மட்டையை நான் நீட்டுவேன், குடையை வாங்கிப்பேன். வேடிக்கை பாக்க வந்த தெக்கத்திக்காரங்களுக்குக் கொண்டாட்டம்.

"மழை எத்தனை மணிக்கும்மா?"

"நாங்க எடுத்துட்டு வந்த மழை, நாங்க போறப்ப வரும்!"னு ஓலாயா திருப்பிக் குடுத்தா.

அந்தப் பக்கம் பதினோராவது குழில சபேலா கை பந்துக்கு மேல வரைக்கும் போயிடுச்சு. "மகளே!"ன்னு அமாரோ ஒரு கத்து கத்தினாரு பாருங்க, மரத்துல இருந்த குருவியெல்லாம் பறந்துடுச்சு. அவ கையைச் சுட்டுக்கிட்ட மாதிரி இழுத்துக்கிட்டா. அப்புறம் அவ கை ரெண்டையும் பின்னாடி கட்டிக்கிட்டே நடந்தா, ஸ்கூல் வாத்தியார் மாதிரி. ஆனா நல்லா ஆடினா. பதினாலாவதுல சமம். பதினேழு முடிஞ்சும் சமம்.

கடைசிக் குழி. சபேலா பந்து அழகா புல்லு மேல பூ வச்ச மாதிரி உக்காந்திருக்கு. ஓலாயா பந்து? நடுவுலதான் போச்சு. கிட்ட போய்ப் பாத்தா, முன்னாடி எவனோ அடிச்சுப் பேத்துட்டுப் போன பள்ளத்துக்குள்ள கிடக்கு. காஞ்ச மண்ணு, உள்ள பந்து, மேல பாதிதான் தெரியுது. எங்க மைதானத்துல இப்படி ஒரு பந்தை அவ அடிச்சதே கிடையாது. அடிக்க வேண்டிய அவசியமே வந்ததில்ல.

குடையை நான் வாங்கிட்டேன். அப்பதான் கை கீழ போச்சு. நான் பாத்துட்டே இருக்கேன். விரல் விரிஞ்சுது. பந்துக்கு மேல ஒரு பூரான் நுழையற இடைவெளி. அங்க நின்னுது.

யாரு நிறுத்தினாங்க? எனக்கு இன்னைக்கும் தெரியல. அவளுக்கும் தெரியல.

குனிஞ்சபடியே அந்தப் பள்ளத்தைப் பாத்துட்டு இருந்தா.  அப்புறம் மெதுவா, "மெலா, இது பிந்தா காலு மாதிரி இல்ல?"ன்னா.

"என்னடி?"

"பிந்தாவோட குளம்புடி. முன்னங்கால். அந்த ஏழாம் நம்பரைக் குடு."

"ஏழு பத்தாது ஓலாயா, தூரம் இருக்கு."

"நம்ம ஊர்ல பத்தாது. இங்க தரை ஓடும். குடு."

குடுத்தேன். காலை அகட்டி நின்னா, பந்து வலது கால் பக்கமா. அழகே இல்லாத நிலை, மாட்டுப் புல்வெளில நின்ன ஒம்போது வயசுப் பொண்ணோட நிலை. மண்ணோட சேத்து நறுக்குனு ஒரு வெட்டு. பந்து முழங்கால் உயரத்துக்கு மேல எழும்பவே இல்ல. விழுந்துச்சு, ஓடுச்சு, ஓடுச்சு. எங்க ஊர்னா விழுந்த இடத்துலயே புதைஞ்சிருக்கும். இங்க மணல் பள்ளத்துக்குப் பக்கவாட்டுல வளைஞ்சு, குழியைச் சுத்தி இருக்க கிரீன் மேல ஏறி, கொடிக்குப் பத்தடி தள்ளி மூச்சு வாங்கிட்டு நின்னுது. நான் குடையைத் தூக்கிப் போட்டேன்.

சபேலா அடிச்சது நிஜமாவே அழகு. வானத்துல போய், நேரா கொடிகிட்ட இறங்குச்சு. சேறா இருந்திருந்தா பொத்துனு ஒட்டியிருக்கும். காஞ்ச தரைல டம்முனு எகிறி, பின்னாடி புதர்ல போய் விழுந்துடுச்சு. அங்கிருந்து ரெண்டு அடி அடிச்சும் குழி தூரமாவே இருந்துச்சு. ஓலாயா பந்தைக் குழி விளிம்புக்கு உருட்டி விட்டதும், சபேலா தொப்பியைக் கழட்டிட்டு கையை நீட்டினா. மிச்சத்தை விட்டுக் குடுக்கறேன்னு அர்த்தம்.

"போ, ஒரு சாண்காரி. சட்டையைப் போட்டுக்க"ன்னா. "அளவு பாத்து எடு, ஒரு மட்டை நீளமா குடுத்துடப் போறாங்க."

கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. அமாரோ என்னைக் கட்டிப் புடிச்சாரு, எலும்பு இன்னும் வலிக்குது. அதுக்கு அடுத்த ஆட்டத்துல ஓலாயா தோத்தா. ஆனா நாலுல ஒருத்தி! சிவப்புச் சட்டை வந்துடுச்சு, பால் லாரி கண்ணாடில அவ அப்பா மாட்டி வச்சிருக்காரு, பண்ணை பண்ணையா காட்டறாரு.

போன ஞாயித்துக்கிழமை எங்க மைதானத்துல பன்னித்தொடைப் போட்டி. வழக்கம்போல கொட்டுது. நான் பார் ஜன்னல்ல இருந்து பாத்துட்டு இருந்தேன். கடைசிக் குழில ஓலாயா பந்து சேத்துல முக்கால்வாசி முழுகிக் கிடக்கு. இவ அப்படியே நின்னு அடிக்கத் தயாராகறா.

"எடுத்து வைடி!"ன்னு பெனிக்னா அக்கா தாழ்வாரத்துல இருந்து கத்தறாங்க. "பலகைல போட்டிருக்கு, கண்ணு தெரியலையா?"

"தெரியுது அக்கா."

"அப்புறம்?"

அடிச்சா. சேறு அவ மூஞ்சி முழுக்க. பந்து நாலு அடி தள்ளிப் போய் மறுபடி முழுகிடுச்சு. பன்னித்தொடை எங்க ஊர் மாட்டு டாக்டருக்குப் போச்சு. அவர் ஆட்டத்தைப் பாத்தீங்கன்னா அழுதுடுவீங்க, அவருக்குப் போய்ப் பரிசு!

உள்ள வந்து நின்னா, சொட்டச் சொட்ட. "ஏன்டி?"ன்னேன்.

"ஜூலைல நான் வெயில்ல ஆடணும்ல. அதுக்குத் தெரிய வேணாமா?"

"எதுக்கு?"

 டாக்டர் அங்கயே பன்னித்தொடையை மெல்லிசா சீவி, முதல் துண்டைத் தட்டுல வச்சு இவளுக்கு நீட்டினாரு. வலது கையால எடுத்துக்கிட்டா. இடது கை பின்னாடிப் பாக்கெட்ல இருந்துச்சு.